மழை விட்டும் முடியாத வேட்டை! விஷமுறிவு மருந்துக்காகச் சேற்றில் இறங்கும் இருளர்கள்

அக்டோபர் பிறந்தால் போதும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் முழங்கால் தண்ணீர் போட்டோவோடு இன்னொரு போட்டோவும் வந்து விழும். கார் பார்க்கிங்கில் சுருண்டு கிடக்கும் பாம்பு! 'இது விஷமா, இல்லையா?', 'யாருக்கு போன் பண்றது?', 'குழந்தைங்களைக் கீழே விடாதீங்க' என அன்று முழுக்க அதே பேச்சுதான்.

நாம் கதவைச் சாத்திக்கொள்ளும் அதே நாட்களில், பாம்பைத் தேடி வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். கையில் ஒரு கடப்பாரை, தோளில் சில துணிப்பைகள். துப்பாக்கி கிடையாது, வலை கிடையாது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரத்து இருளர்கள்தான் அவர்கள். பாம்புக்கடிக்கு அரசு மருத்துவமனையில் போடுகிற விஷமுறிவு மருந்தின் முதல் சங்கிலி, இவர்கள் பிடித்துவரும் பாம்பிலிருந்துதான் தொடங்குகிறது.

கனடாவிலும் ஸ்வீடனிலும் மூஸ் எனும் பெரிய மான் வேட்டைக்குப் போகிறவர்கள், சீசன் முடிகிற நேரத்தில் பனியையும் மோசமான பாதையையும் சமாளிக்க ஜீப்போடும் துப்பாக்கியோடும் போவார்கள். நம் ஊர் வேட்டைக்காரர்களுக்குப் பனிக்குப் பதில் சேறு. ஜீப்புக்குப் பதில் நடை. ஒரே ஒரு பெரிய வித்தியாசம், இங்கே பிடிபடும் உயிர் சாகக் கூடாது!

தோலில் தொடங்கிய கதை

இருளர்கள் பாம்பு பிடிப்பது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. ஆனால், அது ஒரு தொழிலாக மாறியது தோல் வியாபாரத்தால். கைப்பை, செருப்பு, பெல்ட் செய்ய வெளிநாடுகளில் பாம்புத் தோலுக்குக் கிராக்கி இருந்த காலம் அது. இருளர்கள் பிடித்துக் கொடுத்தார்கள். தோல் பதனிடும் ஆலைகள் வாங்கின. லாபம் வேறு யாருக்கோ போனது. பாம்புகள் லட்சக்கணக்கில் செத்தன.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை விழுந்தது. பாம்புகளுக்கு நல்ல செய்தி. ஆனால், வேறு நிலமோ தொழிலோ இல்லாத இருளர்களுக்கு அடுப்பே அணைந்த மாதிரி ஆனது.

அப்போதுதான் ஒரு யோசனை பிறந்தது. பாம்பைக் கொன்று தோலை விற்பதற்குப் பதில், உயிரோடு பிடித்து விஷத்தை மட்டும் எடுத்து விற்றால் என்ன? ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகரின் துணையோடு 1978-ல் 'இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம்' பதிவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கிறது சங்கத்தின் விஷம் எடுக்கும் இடம். முதலைகளைப் பார்க்கப் போகும் குடும்பங்கள் டிக்கெட் எடுத்து இதையும் பார்த்துவிட்டு வருவது வழக்கம். இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி இந்தச் சின்ன இடத்திலிருந்துதான் போகிறது.

பிடி, எடு, விடு

சங்கம் வாங்குவது 4 வகைப் பாம்புகளை மட்டும்தான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் நாட்டில் பாம்புக்கடி மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நால்வர்தான் காரணம். ஒவ்வொரு வகையிலும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை கணக்குப் போட்டு அனுமதி தரும். அதற்கு மேல் ஒன்றுகூடப் பிடிக்கக் கூடாது. ரொம்பச் சின்னப் பாம்பாக இருந்தால் சங்கத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வந்து சேர்ந்த பாம்பு ஒரு மண்பானைக்குள் போகும். வாயில் துணி கட்டி, காற்று போக வழிவிட்டு வைப்பார்கள். சுமார் 3-4 வாரங்கள் அதுதான் அதன் வீடு. அதற்குள் 4 முறை விஷம் எடுப்பார்கள். மெல்லிய உறை கட்டிய கண்ணாடிக் குடுவையைப் பாம்பு கடிக்கும். மஞ்சள் நிறத்தில் சொட்டுச் சொட்டாக விஷம் இறங்கும். அதை உறைய வைத்து, ஈரத்தை உறிஞ்சிப் பொடியாக்குவார்கள். சுருட்டை விரியன் மாதிரி குட்டைப் பாம்பு ஒருமுறை கொடுப்பது சில மில்லிகிராம் பொடிதான். ஒரே ஒரு கிராம் சேர்க்க எத்தனை பாம்பு, எத்தனை நாள் நடை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

விஷம் எடுத்து முடித்ததும் பாம்பின் வயிற்றுச் செதிலில் சின்னதாக ஒரு அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு சீக்கிரமே மறுபடி சிக்கினால், அடையாளத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

வளையைப் படிக்கும் கண்

வயல் வரப்பில் 20 வளைகள் இருக்கின்றன என்று வையுங்கள். நமக்கு எல்லாமே ஓட்டைதான். இருளர் கண்ணுக்கு ஒவ்வொன்றும் ஒரு விலாசம். வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தால், சமீபத்தில் யாரும் உள்ளே போகவில்லை. விளிம்பு வழவழவென்று இருந்தால், உடம்பை இழுத்துக்கொண்டு ஏதோ போய்வருகிறது. பக்கத்தில் உரித்துப்போட்ட சட்டை, எச்சம், புழுதியில் ஒரு கோடு... இவற்றைச் சேர்த்துப் பார்த்து, உள்ளே இருப்பது எது, எவ்வளவு பெரியது என்றே சொல்லிவிடுவார்கள்.

இந்தப் படிப்புக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அப்பா, அம்மாவோடு சின்ன வயதில் எலி பிடிக்கப் போவதுதான் அரிச்சுவடி. 'ஜெய்பீம்' (2021) படத்தில் வயலில் எலி பிடிக்கும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். வளைகளின் வாயை எல்லாம் அடைத்து, ஒன்றில் மட்டும் வைக்கோல் புகை போட்டு, மண்ணைத் தோண்டுவார்கள். எலி கிடைக்கும். எலி திருடிச் சேர்த்த நெல்லும் கிடைக்கும். விவசாயிக்குப் பூச்சிமருந்துச் செலவு இல்லாமல் எலித் தொல்லை தீரும். எலி இருக்கும் இடம் தெரிந்தவருக்குப் பாம்பு இருக்கும் இடமும் தெரியும்.

மழை எப்படி எதிரி ஆகிறது?

'மழையில்தான் பாம்பு நிறைய வெளியே வருதே, பிடிக்க ஈஸிதானே?' என்று தோன்றும். விஷயம் அப்படி இல்லை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் பாம்பு வெளியேறி மேடு தேடிப் போகும். மேடு என்றால் வயல்வெளியில் வரப்பு, புதர். ஊருக்குள் நம் வீட்டுப் படிக்கட்டு, செங்கல் குவியல், மோட்டார் ரூம். அதாவது, பாம்பு தன் விலாசத்தை மாற்றிவிடுகிறது. வேட்டைக்காரர் நம்பியிருக்கும் புழுதித் தடத்தை மழை ஒரே அடியில் அழித்துவிடும். தோண்டினால் சேறு சரிந்து வளை மூடிக்கொள்ளும். புல் இடுப்பு உயரம் வளர்ந்துவிடுவதால், கால் வைக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. வைக்கோல் நனைந்துவிட்டால் எலிக்குப் புகை போடவும் வழியில்லை.

அப்புறம் பாதை. இருளர் குடியிருப்புகள் பலவும் ஊருக்கு வெளியே, ஏரிக்கரை ஓரத்திலோ ஓடைப் புறம்போக்கிலோ இருப்பவை. தார்ச்சாலைக்கு வரவே மண்பாதையில் நடக்க வேண்டும். நல்ல மழை பெய்தால் அந்தப் பாதையே வாய்க்கால் ஆகிவிடும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பையில் இருப்பது காய்கறி இல்லை. உயிருள்ள கண்ணாடி விரியன்! அதை நசுக்காமல், நனைக்காமல், வெயிலில் வாடவிடாமல் சங்கம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். செத்த பாம்புக்கு விலை இல்லை.

தை, மாசி... கடைசி ஓட்டம்

மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கியதும் காட்சி மாறும். பாம்புக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். குளிர்ந்த ராத்திரிக்குப் பிறகு, காலை வெயிலில் வரப்பு ஓரமாக வந்து படுக்கும். இருளர்கள் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருப்பார்கள். தையில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் வெறிச்சோடிவிடும். புல் இல்லை, மறைவு இல்லை. சிந்திய நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

ஆனால், இந்தச் சந்தோஷம் நீண்ட நாள் இல்லை. பங்குனி வெயில் ஏறியதும் நிலம் கட்டாந்தரையாக இறுகிவிடும். கடப்பாரை இறங்காது. பாம்பும் ஆழத்துக்குப் போய் ராத்திரியில் மட்டும் நடமாடும். ஆக, மழை முடிந்ததற்கும் வெயில் முற்றுவதற்கும் இடையில் உள்ள சில வாரங்கள்தான் நல்ல வேட்டை. கார்த்திகையில் தொடங்கும் புயல் மழை மார்கழி வரை இழுத்துவிட்டால், அந்த வாரங்களும் சுருங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும் திருவள்ளூரும் மிதந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். வயலில் தண்ணீர் நின்றால் அறுவடையும் தள்ளிப்போகும், வேட்டையும் தள்ளிப்போகும்.

இதற்கு நடுவே அரசாணை என்ற இன்னொரு பருவமும் உண்டு. அனுமதி கையில் வரும்வரை ஒரு பாம்பைத் தொட்டாலும் அது சட்டப்படி குற்றம். ஆணை தாமதமானால் நல்ல மாதங்கள் கைநழுவிப் போகும். மிச்சம் இருக்கும் வாரங்களில் சேறோ, வெயிலோ எதையும் பார்க்காமல் ஓட வேண்டியதுதான்.

ஓடாவிட்டால்? சங்கம் பாம்பின் வகைக்கு ஏற்பப் பணம் கொடுக்கும். பாம்பு இல்லை என்றால் பணமும் இல்லை. பிடிக்காத நாட்களில் செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டு எனக் கிடைத்த கூலி வேலைக்குப் போக வேண்டும். அங்கே முன்பணம் வாங்கிவிட்டுக் கொத்தடிமையாக மாட்டிக்கொண்ட இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்திகளை நாம் அவ்வப்போது படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல் என்பதையும் சேர்த்துப் படித்தால் மனசு கனக்கும்.

மாசி மகம் வந்தால் மட்டும் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். அவர்கள் குலதெய்வம் கன்னியம்மன். மணலிலேயே குடில் போட்டுத் தங்கி, நிலா வெளிச்சத்தில் வழிபட்டு, கல்யாணமும் பேசி முடிப்பார்கள்.

வயல் போச்சு, லே-அவுட் வந்துச்சு

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் வந்தது. ஆவடிக்கு டாங்க் தொழிற்சாலை வந்ததும் அதே காலத்தில்தான். அதற்கு முன்னால் இந்தப் பகுதி முழுக்க ஏரிப் பாசனம். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம். ஏரிக்குக் கீழே வயல், வயலில் எலி, எலியைத் தின்னப் பாம்பு. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-ல் ஆவடியே ஒரு மாநகராட்சி ஆனது. வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்ததும், சாலையின் இரண்டு பக்கமும் மனைப்பிரிவு போர்டுகள் முளைத்தன.

வயல் போனால் இருளர் இன்னும் தூரம் போக வேண்டும். ஆனால், பாம்பு எங்கே போகும்? அது இங்கேயேதான் இருக்கிறது. காலி மனையில் கொட்டும் குப்பைக்கு எலி வருகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. மழை பெய்ததும் அதுவும் நம்மைப் போலவே தண்ணீர் ஏறாத இடம் தேடுகிறது. பார்க்கிங்கில் பாம்பு போட்டோ வருவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

அமெரிக்கா கூப்பிட்டது

2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணத்தில் ஒரு விநோதம் நடந்தது. வளர்ப்புப் பிராணியாகக் கொண்டுவரப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்புக் காட்டில் பெருகி, முயலையும் ரக்கூனையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. உள்ளூர் வேட்டைக்காரர்களால் சமாளிக்க முடியவில்லை. அப்போது ஃப்ளோரிடா அழைத்த நிபுணர்கள் யார் தெரியுமா? நம் ஊர் மாசி சடையனும் வடிவேல் கோபாலும்!

மொழி தெரியாத ஊர், பார்த்துப் பழகாத காடு. ஆனாலும் முதல் சில நாட்களிலேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்துக்குள் இருந்து இழுத்து வந்த பெண் மலைப்பாம்பின் நீளம் 16 அடி. அமெரிக்கப் பத்திரிகைகள் கொண்டாடின. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 1.89 லட்சம் பேர் உள்ள ஒரு பழங்குடியின் அறிவுக்குக் கிடைத்த மரியாதை அது.

இது யாருக்கான வேட்டை?

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். 2017-ல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் இந்த மரணங்களைப் பாதியாக்க வேண்டும் என்று 2024-ல் மத்திய அரசு தேசியத் திட்டம் அறிவித்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசும் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

திட்டம் எத்தனை வந்தாலும் மருந்து ஒன்றுதான். பாம்பு விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்தெடுத்துச் செய்வதுதான் விஷமுறிவு மருந்து. விஷம் இல்லாமல் மருந்து இல்லை. பாம்பு இல்லாமல் விஷம் இல்லை. பாம்பைக் கொல்லாமல் பிடிக்கத் தெரிந்தவர் இல்லாமல் எதுவுமே இல்லை.

அந்த அறிவு அடுத்த தலைமுறைக்குப் போகுமா என்பதுதான் இப்போது கேள்வி. பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், போகிறார்கள். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால், வருமானம் நிச்சயமில்லாத, உயிருக்கு உத்தரவாதம் இல்லாத ஒரு வேலைக்குப் படித்த பிள்ளை ஏன் திரும்பி வர வேண்டும்? அனுமதி நேரத்துக்கு வந்தால், விலை கட்டுப்படியானால், கடி பட்டால் குடும்பத்துக்குக் காப்பீடு இருந்தால் ஒருவேளை வரலாம்.

உங்கள் வீட்டில் பாம்பு வந்தால்...

* அடிக்காதீர்கள். கடி வாங்குவதே பெரும்பாலும் அடிக்கப் போகும்போதுதான். தவிர, பாம்பைக் கொல்வது சட்டப்படி குற்றம்.
* தூரமாக நின்று, அது எங்கே போகிறது என்று மட்டும் கண் வையுங்கள். தீயணைப்பு - மீட்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள்.
* எல்லாப் பாம்பும் விஷம் இல்லை. சாரைக்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் விஷம் கிடையாது. கட்டுவிரியன் மாதிரியே பட்டை போட்ட விஷமில்லாத பாம்பும் உண்டு. ஆனால், சந்தேகம் இருந்தால் விஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
* மழைக்காலத்தில் தரையில் படுப்பதைத் தவிருங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும். கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். தரையில்தான் படுக்க வேண்டும் என்றால், கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள்.
* ஷூ, ஹெல்மெட் இரண்டையும் உதறிவிட்டுப் போடுங்கள். வீட்டோரம் செங்கல், பழைய மரச்சாமான் குவித்து வைக்காதீர்கள்.

கடித்துவிட்டால்...

* இறுக்கிக் கட்டு போடாதீர்கள். கீறாதீர்கள். வாய் வைத்து உறிஞ்சாதீர்கள்.
* மோதிரம், வளையல், கொலுசு, வாட்ச் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீக்கம் வந்தால் கழற்ற முடியாது.
* கை, கால் எலும்பு முறிந்தால் எப்படி அசையாமல் வைப்போமோ, அப்படி வைத்து, கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.
* மந்திரம், பச்சிலை என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.
* பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. நம் நாட்டு மருந்து அந்த 4 வகைக்கும் சேர்த்துத் தயாரிப்பதுதான். கடித்த நேரத்தை மட்டும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டாக்டர் ஏற்றும் அந்த 10 மில்லி குப்பியில் மருந்துக் கம்பெனியின் பெயர் இருக்கும், காலாவதி தேதி இருக்கும். ஏதோ ஒரு மாசி மாதக் காலையில், காயாத சேற்றில் முழங்கால் புதைய நடந்து அந்தப் பாம்பைப் பிடித்தவரின் பெயர் இருக்காது. அதை நாமாவது ஞாபகம் வைத்துக்கொள்வோம்.